நடந்து போகிறவர்களுக்குச் சிலை வைத்த சிற்பி

மூணாறை அடுத்த சித்திரபுரத்துக்கு அந்தப் பெயர் சித்திரத்தால் வந்ததல்ல. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் பெயரால் வந்தது என்பார்கள். பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தோடு வளர்ந்த ஊர் அது. 1940-ம் ஆண்டு பள்ளிவாசலில் மின்சார உற்பத்தி தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அதுதான்.

அதே 1940-ம் ஆண்டில், அங்கிருந்து வெகு தொலைவில், வங்காளத்தின் சாந்திநிகேதனில் ஒரு சிற்பி விளக்குத் தூண் ஒன்றைச் செய்து முடித்தார். சிமெண்டால் ஆன தூண் அது.

விளக்கு என்றால் நமக்குப் பாவை விளக்கு நினைவுக்கு வரும். இரு கையிலும் அகல் ஏந்தி நிற்கும் பெண். கோயிலுக்குக் கோயில் அவளைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தச் சிற்பி செய்த தூணில் பாவையும் இல்லை, அன்னமும் இல்லை, யாளியும் இல்லை. வளைந்தும் பிணைந்தும் மேலே எழும் வடிவங்கள் மட்டுமே இருந்தன. பார்த்தவர்கள் இது என்ன என்று கேட்டார்கள். பொருள் என்ன என்று கேட்டார்கள்.

இந்தியாவில் திறந்தவெளியில் எழுந்த முதல் அருவச் சிற்பங்களில் ஒன்றாக இன்று கலை வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. அதைச் செய்தவர் ராம்கிங்கர் பைஜ். அந்தத் தூணின் பொருளை அறிய வேண்டுமானால் அந்த மனிதரின் வாழ்க்கையை அறிய வேண்டும். ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் அதை அறிவதற்குத் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. இந்தியாவில் இடம் பெயர்ந்து போகும் கூலிக் குடும்பத்துக்கு முதன்முதலில் பெருஞ்சிலை எழுப்பியவர் அவர்.

முடி திருத்தும் குடும்பம்

1906-ம் ஆண்டு மே 25-ந் தேதி, வங்காளத்தின் பாங்குரா நகரில் ராம்கிங்கர் பிறந்தார். முடி திருத்துவது குடும்பத் தொழில். நிலபுலன் இல்லை. நாள் வருமானத்தில் நாளைக் கழித்த வீடு. ராமனின் பணியாள் என்பது அவர் பெயரின் பொருள்.

பாங்குரா மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. சுட்ட மண் குதிரைகளுக்குப் பேர் போன பகுதி அது. பக்கத்தில் உள்ள விஷ்ணுபூர்க் கோயில்களின் சுவர் முழுவதும் சுட்ட மண் சிற்பங்கள். குயவரும் தச்சரும் பூசைக்கான பொம்மை செய்வோரும் தெருவிலேயே வேலை செய்வார்கள். சிறுவன் ராம்கிங்கர் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். பார்த்ததைத் தன் கையால் செய்து பார்த்தான்.

பள்ளிப் படிப்பு நீளவில்லை. நாடகக் குழுக்களுக்குத் திரை எழுதினார். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதினார். ஒத்துழையாமை இயக்கம் நடந்த காலத்தில் ஊர்வலங்களுக்காகத் தேசத் தலைவர்களின் உருவங்களை வரைந்து கொடுத்தார். கூலிக்குக் கை வேலை செய்பவனாகத்தான் அவர் வாழ்க்கை தொடங்கியது.

அந்தப் படங்கள் ஒருவர் கண்ணில் பட்டன. அவர் ராமானந்த சாட்டர்ஜி. ‘மாடர்ன் ரிவியூ’, ‘பிரபாசி’ என்ற புகழ் பெற்ற பத்திரிகைகளின் ஆசிரியர். பாங்குராக்காரர். இந்தப் பையன் சாந்திநிகேதனில் இருக்க வேண்டியவன் என்று அவர் முடிவு செய்தார். 1925-ம் ஆண்டு, 19 வயதில் ராம்கிங்கர் சாந்திநிகேதன் வந்து சேர்ந்தார்.

ரவீந்திரநாத் தாகூரின் விசுவபாரதியில் கலைக்கென்று இருந்த பிரிவு கலாபவன். அதன் தலைவர் நந்தலால் போஸ். பையன் கொண்டு வந்த படங்களைப் பார்த்த நந்தலால், இவனுக்குப் புதிதாகக் கற்றுக் கொடுக்க அதிகம் இல்லை, இரண்டு மூன்று வருடம் இருக்கட்டும் என்று நினைத்ததாகச் சொல்வார்கள். அந்த இரண்டு மூன்று வருடம் 55 வருடமாக நீண்டது. மாணவராக வந்தவர் ஆசிரியரானார். சிற்பத் துறையின் தலைவரானார். 1971-ம் ஆண்டு ஓய்வு பெற்ற பிறகும் சாந்திநிகேதனிலேயே தங்கி விட்டார்.

கொத்தனாரின் கலவை

சிலை என்றால் கல் வேண்டும். அல்லது வெண்கலம் வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். ராம்கிங்கரிடம் அது இல்லை. அவருக்குக் கிடைத்தது சிமெண்டும், அந்த வட்டாரத்தில் காலடியில் கிடந்த செம்பாறைச் சரளையும்தான்.

செம்பாறை என்பது வேறொன்றும் அல்ல. மலபாரிலும் பாலக்காட்டிலும் வீடு கட்டுகிறார்களே, அந்த வெட்டுக்கல்தான். உலகம் முழுவதும் இந்தப் பாறைக்கு வழங்கும் ‘லேட்டரைட்’ என்ற பெயரே கேரளத்தில் பிறந்தது. பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்காடிப்புரத்தில் மக்கள் இந்த மண்ணைச் செங்கல்லாக வெட்டி எடுப்பதைப் பார்த்து, 1807-ம் ஆண்டு வெளிவந்த நூலில் அந்தப் பெயரை இட்டார்.

அந்தச் சரளையைச் சிமெண்டோடு பிசைந்து, இரும்புக் கம்பிக் கூட்டின் மேல் கை கையாக வீசி அடித்தார் ராம்கிங்கர். கொத்தனார் சுவரில் கலவையை வீசி அடிப்பது போலத்தான். கலவை இறுகுமுன் வேண்டாததைச் செதுக்கி எடுப்பார். மெழுகி வழவழப்பாக்க மாட்டார். சொரசொரப்பு அப்படியே நிற்கும். நின்ற இடத்தில் சிலை மண்ணிலிருந்து முளைத்தது போலத் தோன்றும்.

வறுமையால் எடுத்த பொருள் அது. ஆனால் இந்தியச் சிற்பத்துக்கே அது புது வழியாயிற்று. அதுவரை பொது இடத்துச் சிலை என்றால் குதிரை மேல் அமர்ந்த வெள்ளைக்கார அதிகாரி. அல்லது அரியணை மீது ராணி. சீமையில் வார்த்த வெண்கலம். அல்லது இறக்குமதியான சலவைக்கல். இங்கே ஓர் ஏழைச் சிற்பி, கூலியாள் கையாளும் கலவையில் சிலை செய்தார்.

1935-ம் ஆண்டு ‘சுஜாதா’ எழுந்தது. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, அந்த மரங்களைப் போலவே ஒல்லியாக உயர்ந்து நிற்கும் பெண். சென்னையைச் சேர்ந்த மாணவி ஜயா அப்பாசாமியின் உயர்ந்த உருவமே அதற்குத் தூண்டுதல் என்று சொல்வதுண்டு. பிற்காலத்தில் ஓவியராகவும் கலை விமர்சகராகவும் பெயர் பெற்றவர் அவர். முதலில் அது வெறும் ஒரு பெண்ணின் உருவம். தலையில் ஒரு பாத்திரத்தை வைக்கலாமே என்றார் நந்தலால். வைத்ததும் புத்தருக்குப் பாயசம் கொண்டு போகும் சுஜாதா ஆகி விட்டாள்.

தாகூர் ஒரு நாள் காலையில் உலாவும்போது இந்தச் சிலையைப் பார்த்தார். செய்தது யார் என்று விசாரித்து, ராம்கிங்கரைக் கூப்பிட்டனுப்பினார். அனுமதி கேட்காமல் சிலை எழுப்பியதற்கு ஏச்சு விழப்போகிறது என்று நடுங்கிக்கொண்டே போனார் இளைஞர். ஆனால் தாகூர் சொன்னது வேறு. இந்த ஆசிரமம் முழுவதையும் இப்படிப்பட்ட சிற்பங்களால் நிரப்பு, ஒன்றை முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போ என்றாராம். அந்த ஒரு வார்த்தை ராம்கிங்கருக்கு ஆயுள் முழுவதும் போதுமானதாக இருந்தது.

மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம்

சாந்திநிகேதனைச் சுற்றிச் சந்தால் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். 1855-ம் ஆண்டு வட்டிக்காரர்களையும் ஜமீன்தார்களையும் ஆங்கிலேயரையும் எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தவர்களின் வழி வந்தவர்கள். பிறகு வேலை தேடி ஊர் ஊராகப் போனார்கள். காடு திருத்தினார்கள், வயலில் இறங்கினார்கள், போல்பூர் அரிசி ஆலைகளில் கூலிக்குச் சேர்ந்தார்கள்.

ராம்கிங்கர் சந்தால் அல்லர். பலர் அப்படி எழுதி விட்டார்கள், அது தவறு. ஆனால் அவர் அவர்களோடு பழகினார், அவர்கள் வீட்டில் உண்டார், அவர்கள் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் போனார். உழைக்கும்போது அவர்கள் உடம்பில் ஓடும் அசைவு அவரைப் பிடித்து இழுத்தது. அதைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் வரைந்தார், வடித்தார்.

1938-ம் ஆண்டு ‘சந்தால் குடும்பம்’ பிறந்தது. ஆள் உயரத்தை விடப் பெரிய உருவங்கள். ஆண் முன்னே நடக்கிறான். அவன் தோளில் காவடி போல ஒரு தடி. அதில் தொங்கும் கூடையில் ஒரு குழந்தை. பக்கத்தில் பெண் நடக்கிறாள்; அவள் இடுப்பில் இன்னொரு குழந்தை. கூடவே ஒரு நாய். அவ்வளவுதான் அவர்கள் சொத்து. ஒரு வேலையிடத்தை விட்டு அடுத்த வேலையிடத்துக்குப் போகிறார்கள்.

அந்த முகங்களில் அழுகை இல்லை. இரங்குங்கள் என்று யாரையும் கெஞ்சவில்லை. தலை நிமிர்ந்து, அடி பெயர்த்து, போகிறார்கள்.

நம் ஆட்கள் திருநெல்வேலியிலிருந்தும் மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் கங்காணியின் பின்னால் மலையேறியதும் இப்படித்தான். சாலை வராத காலத்தில் பாத்திரமும் பாயும் தலையில், பிள்ளை இடுப்பில் என்று போடி வழியாக நடந்தே வந்தவர்கள் அவர்கள். அவர்கள் நட்ட தேயிலை இன்றும் தளிர்க்கிறது. அவர்களுக்குச் சிலை எங்கே என்று கேட்டால், ஒரு வகையில் அது வங்காளத்தில், சாந்திநிகேதனின் செம்மண்ணில் நிற்கிறது என்று சொல்லலாம்.

சங்கு ஊதுகிறது

1956-ம் ஆண்டு ராம்கிங்கர் செய்த சிற்பத்துக்கு ஆலை அழைப்பு என்று பெயர். இரண்டு சந்தால் பெண்கள் ஓடுகிறார்கள். அரிசி ஆலையின் சங்கு ஊதி விட்டது. குளித்து, ஈரத் துணியைக் காயப் போட நேரமில்லை. துணியைக் காற்றில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடும் ஓட்டத்திலேயே அது உலர வேண்டும். பின்னால் ஒரு பிள்ளை துரத்திக்கொண்டு வருகிறது.

இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூர் ஆலைகளின் மூன்றாவது சங்குக்குள் வாசலைத் தாண்டிவிட ஓடியவர்களுக்கும், தோட்டத்தில் மஸ்டர் நேரம் தப்பினால் அரை நாள் கூலி போகும் என்று தெரிந்தவர்களுக்கும் அது என்னவென்று தெரியும். அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை விழும் முன் படியேறுகிற குமாஸ்தாவுக்கும் தெரியும்.

ஆனால் சிற்பி அதை வெறும் துன்பமாகக் காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்களின் துணி பாய்மரம் போலப் புடைக்கிறது. கால்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. அவசரத்தின் நடுவிலும் அவர்கள் சிரிப்பது போல இருக்கிறது. வேலை அவர்களை விரட்டுகிறது. ஆனால் அவர்களை விழுங்கி விடவில்லை.

தலை இல்லாத பெண்

இனி, பொருள் என்ன என்ற கேள்விக்கு வருவோம்.

1943-ம் ஆண்டு வங்காளத்தில் பெரும் பஞ்சம். ஏறத்தாழ 30 லட்சம் பேர் மடிந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். விளைச்சல் குறைந்தது மட்டும் காரணம் அல்ல. போர்க்கால விலை ஏற்றமும், பதுக்கலும், அரசின் அலட்சியமும் சேர்ந்து கூலி வாங்கிப் பிழைத்தவர்களைக் கொன்றன.

அந்த ஆண்டில் ராம்கிங்கர் கதிரடிக்கும் பெண் ஒருத்தியைச் செய்தார். அவளுக்குத் தலை இல்லை. நெற்கட்டை ஓங்கி அடிக்கும் வேகத்தில் முறுக்கேறிய உடம்பு மட்டும் உண்டு. பார்த்தவர்கள் திகைத்தார்கள். சிற்பி தலையை வைக்க மறந்து விட்டாரா, அல்லது கேலி செய்கிறாரா?

இரண்டும் இல்லை. கதிரடிக்கும் அந்தக் கணத்தில் எது முக்கியமோ அதை மட்டும் வைத்துக்கொண்டார். வேகத்துக்கு உதவாததை விட்டு விட்டார். முகம் இருந்தால் இவள் இன்னாள் என்று அடையாளம் தேடுவோம். முகம் இல்லாததால் உழைப்பை மட்டும் பார்க்கிறோம். நெல்லை விளைவித்தவள் பட்டினி கிடந்த ஆண்டில் அந்தத் தலையற்ற உடம்பு நம்மை இன்னும் ஒரு கேள்வி கேட்கிறது. நமக்கு அவள் கை வேண்டும், இடுப்பு வேண்டும், முதுகு வேண்டும். அவள் முகத்தை யார் பார்த்தோம்?

அருவக் கலை என்று சொல்வதன் முதற்படி இதுதான். உருவத்திலிருந்து வேண்டாததைக் களைவது. களைந்து களைந்து, கடைசியில் மனிதரும் மறைந்து, அசைவு மட்டும் நிற்கும் இடத்துக்கு விளக்குத் தூணில் ராம்கிங்கர் 1940-ம் ஆண்டிலேயே போய்விட்டார். பாவை விளக்கில் பாவையை எடுத்து விட்டால் என்ன மிஞ்சும்? ஏந்துதல் மிஞ்சும். சுடரை நோக்கி எழும் எழுச்சி மிஞ்சும். அதைத்தான் அவர் சிமெண்டில் நிறுத்தினார் என்று கொள்ளலாம்.

அவராக உட்கார்ந்து நீண்ட விளக்கம் எழுதியவர் அல்லர். தன் வேலைகளுக்குத் தத்துவம் பேசியவரும் அல்லர். பார்த்ததைச் செய்தேன் என்பதே பெரும்பாலும் அவர் நிலை. கண்ணால் பார்த்தது மட்டுமா, உடம்பால் உணர்ந்ததும் பார்த்ததில் சேருமா என்பதில்தான் மற்றவர்களுக்கும் அவருக்கும் தகராறு.

தாகூரின் தலையையே அவர் இரண்டு விதமாகச் செய்தார். ஒன்று, 1930-களின் இறுதியில் செய்த அருவத் தலை. தட்டை தட்டையான தளங்கள் மோதி நிற்கும். தாடியும் மூக்கும் குறிப்பாக மட்டுமே தெரியும். மற்றொன்று, 1941-ம் ஆண்டு, கவிஞர் மறைவதற்குச் சற்று முன் செய்தது. குனிந்த தலை, உலகப் போரைப் பார்த்து நொந்த மனம், முதுமையின் களைப்பு.

ஹங்கேரியில் பாலட்டன் ஏரிக்கரையில் தாகூர் சிகிச்சைக்காகத் தங்கிய ஊரில் ராம்கிங்கர் செய்த தாகூர் சிலை 1983-ம் ஆண்டு வைக்கப்பட்டது. கவிஞர் இப்படியா இருந்தார் என்று இந்தியாவில் இருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. 2005-ம் ஆண்டு அந்த இடத்தில் எல்லோருக்கும் பழக்கமான முகம் கொண்ட வேறொரு சிலை வந்தது. பெரியவர்கள் களைத்துப் போனதைப் பார்க்க நமக்கு விருப்பமில்லை. ராம்கிங்கருக்கு அந்தக் களைப்பும் தாகூர்தான்.

ரிசர்வ் வங்கியின் காவலர்

அவர் செய்தவற்றில் அதிகம் பேர் கடந்து போனது டில்லி நாடாளுமன்றத் தெருவில், ரிசர்வ் வங்கியின் வாசலில் உள்ளது. பொதுக் கட்டிடங்களில் கலைஞர்களுக்கு இடம் தர வேண்டும் என்று பிரதமர் நேரு விரும்பினார். வங்கி 9 கலைஞர்களை அணுகியது. பதில் தந்தவர்கள் 5 பேர். முடிவில் ராம்கிங்கருக்கே வேலை வந்தது.

செல்வத்தைக் காப்பவர்கள் யட்சர்கள் என்பது நம் மரபு. மதுரா அருங்காட்சியகத்தின் பழைய யட்சனையும், கல்கத்தா அருங்காட்சியகத்தின் யட்சியையும் அடிப்படையாகக் கொண்டு இரண்டு பெரிய உருவங்களை அவர் திட்டமிட்டார். யட்சியின் கையில் வயல் தந்த விளைச்சல். யட்சன் கையில் பண முடிப்போடு இயந்திரச் சக்கரமும் உண்டு. உழவும் தொழிலும் சேர்ந்ததே நாட்டின் பணம் என்பது அதன் பொருள்.

கல் தேடி இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கு வரை போனார். அங்கிருந்து வந்த மணற்கல்லில் வேலை நடந்தது. 1950-களின் நடுவில் தொடங்கிய வேலை 1967-ம் ஆண்டுதான் முடிந்தது. தாமதத்துக்காகக் கடிதத்தின் மேல் கடிதம் வந்தது. பாறை சிற்பியின் அவசரத்துக்கு வராது; கோப்பு பாறையின் நிதானத்துக்குக் காத்திராது. இரண்டுக்கும் நடுவில் அவர் பன்னிரண்டு வருடம் போலத் தவித்தார்.

சிலை எழுந்த பிறகு வேறு வகைப் புயல். ஆடையற்ற யட்சி வங்கி வாசலில் நிற்கலாமா என்று மாநிலங்களவையிலேயே கேள்வி வந்தது. யட்சி அங்கேதான் நிற்கிறாள்.

பாலக்காட்டுப் பக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. இரண்டே ஆண்டு கழித்து, 1969-ம் ஆண்டு மலம்புழை அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 30 அடி உயர யட்சியைச் செய்தார். சென்னைக் கலைக் கல்லூரியில் படித்தவர் அவர். அதுவும் சிமெண்டுதான். அங்கும் அதே எதிர்ப்புதான். இன்று ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பம் குடும்பமாக அந்த யட்சியின் முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆபாசம் என்றவர்களின் பெயர் மறந்து விட்டது.

ஒழுகும் கூரை

ராம்கிங்கரின் சொந்த வாழ்க்கை எளிமையானது. முறையாகத் திருமணம் செய்துகொள்ளவில்லை. ராதாராணி தேவி என்ற பெண்மணி நீண்ட காலம் அவரோடு வாழ்ந்து அவரைக் கவனித்துக்கொண்டார். ஊர் பேசியது. அவர் பொருட்படுத்தவில்லை. மதுப் பழக்கமும் இருந்தது. உடம்பைக் கெடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. அதை மறைத்து அவரை முனிவராக்க வேண்டியதில்லை.

கையில் வந்த பணம் தங்கவில்லை. பல சிற்பங்கள் வெயிலிலும் மழையிலும் நின்று வெடித்தன. அவற்றை வெண்கலத்தில் வார்த்து வைக்க வசதி இல்லை. வீட்டுக் கூரை ஒழுகியபோது, தான் தீட்டிய எண்ணெய் வண்ணத் திரைச்சீலைகளையே எடுத்து ஓட்டையை அடைத்தார். எண்ணெய் வண்ணம் தண்ணீரை உள்ளே விடாதல்லவா? இன்று ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகக்கூடிய ஓவியங்கள் அன்று மழைக்குக் குடை பிடித்தன.

திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் 1975-ம் ஆண்டு அவரைப் பற்றி ஆவணப் படம் எடுத்தார். அதை முழுமையாக முடிக்கும் முன்பே, 1976-ம் ஆண்டு கட்டக் காலமானார். அந்தப் படத்தில் ராம்கிங்கர் தொளதொள உடையும் தலையில் ஓலைத் தொப்பியுமாக, வெடித்துச் சிரிக்கும் ஒரு கிழவராகக் காட்சி தருகிறார். 1970-ம் ஆண்டு பத்ம பூஷண் விருதும், பிறகு விசுவபாரதியின் உயர்ந்த பட்டமான தேசிகோத்தமாவும் வந்தன. கூரை மட்டும் பழைய கூரைதான்.

1980-ம் ஆண்டு கல்கத்தா மருத்துவமனையில் சேர்த்தார்கள். படுக்கையில் கிடந்தபடியே களிமண் வாங்கிச் சின்னஞ்சிறு துர்க்கை ஒன்றைச் செய்தார். பாங்குராத் தெருவில் பொம்மை செய்யப் பழகிய கை பொம்மை செய்துகொண்டே ஓய்ந்தது. ஆகஸ்டு 2-ந் தேதி மறைந்தார். வயது 74.

கேரளத்துச் சீடர்கள்

அவர் சாந்திநிகேதனை விட்டு நகரவில்லை. ஆனால் கேரளத்திலிருந்து அவரைத் தேடிப் போனார்கள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்த கே.ஜி. சுப்பிரமணியன் 1940-களில் அங்கே படித்தார். மலையாள இலக்கியத்தில் எம்.ஏ. முடித்த ஏ. ராமச்சந்திரன் 1957-ம் ஆண்டு அங்கே சேர்ந்தார். 1970-களில் போன கே.எஸ். ராதாகிருஷ்ணன் சிற்பக் கலையையே வாழ்வாகக் கொண்டார். 2012-ம் ஆண்டு டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் ராம்கிங்கரின் ஆயுட்காலப் பணி முழுவதையும் திரட்டிக் காட்சிப்படுத்தியவர் அந்த ராதாகிருஷ்ணன்தான்.

2023-ம் ஆண்டு யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. காசில்லாமல் சரளையும் சிமெண்டும் பிசைந்து எழுப்பிய அந்த உருவங்களைப் பார்க்க உலகெங்கிலும் இருந்து மக்கள் வருகிறார்கள்.

2020-ம் ஆண்டு ஊரடங்கில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மூட்டையைத் தலையிலும் பிள்ளையைத் தோளிலும் சுமந்து நெடுஞ்சாலைகளில் நடந்த படங்களை நாம் பார்த்தோம். 1938-ம் ஆண்டின் அந்தச் சிலையை அறிந்தவர்களுக்கு, அது நின்ற இடத்திலிருந்து இறங்கி நடந்தது போல இருந்தது. 82 ஆண்டில் கூடை பிளாஸ்டிக் பையாக மாறியிருந்தது. நடை மாறவில்லை.

இன்று மூணாறு மலைத் தோட்டங்களில் தமிழர்களின் பக்கத்து நிரையில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். சந்தால் மக்களின் தாயகங்களில் ஒன்று ஜார்க்கண்ட். மொழி தெரியாமல் தடுமாறும் அவர்களைப் பார்த்துச் சிலர் வாய்க்கு வந்ததைச் சொல்வதும் உண்டு. நம் பாட்டன் பாட்டியைப் பார்த்தும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு காலையில் மஸ்டருக்கு விரைவதைக் காணும்போது, ராம்கிங்கர் யாருக்குச் சிலை வைத்தார் என்பது நினைவுக்கு வரட்டும்.

விளக்குத் தூணுக்கும் அதுவே பொருள் என்று எடுத்துக்கொள்ளலாம். தூணில் முகம் இல்லை. பள்ளிவாசல் மின்சாரத்திலும் முகம் இல்லை. மலையைக் குடைந்தவர், குழாயைத் தூக்கியவர், கம்பி இழுத்தவர் யார் என்று விளக்கைப் போடும்போது நாம் நினைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அடியில் அதை ஏந்திய கை ஒன்று உண்டு.